பக்கம் 611

மூன்றாம் பாகம், பக்கம் அறுநூற்றுப் பதினொன்று.
இசாரெத் நகரின் ஏழு வளைவுப் பாலத்தை
நூம் ஆறு ஒரே இரவில் தின்றுவிடுகிறது.
அக்கரையில் படை.
இக்கரையில் அரசி, ஒற்றைச் செருப்போடு.

நடக்காது என்றேன்.
பதினெட்டு வருடமாக டொங்காட்டில்
பாலங்களைத் தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்.
கருங்கல் தூண், சுண்ணாம்புக் காரை, ஏழு வளைவு;
ஒரு இரவு போதாது, ஒரு பருவமாவது வேண்டும்.

வெருலம் நூலகத்து மாடியறையில்
மாதக் கடைசிச் சனிக்கிழமை
எட்டுப் பேர் கூடுவோம். கட்சி இரண்டு.
கல் கட்சி என்னுடையது.
நீர்க் கட்சிக்குத் தலைவன் சிபோனிசோ,
இனாண்டாவில் டாக்சி ஓட்டுகிறவன்.
வண்டி நிறையக் காத்திருக்கும் நேரத்திலேயே
ஐந்து பாகங்களையும் முடித்தவன்.
"ஆற்றைக் கேட்டாயா சிசி?" என்பான்.
நான் என் வரைபடத்தை விரிப்பேன்,
ஆசிரியர் போட மறந்த அளவுகோலை
நானே போட்டது.
தவனேஷ் மருந்துச் சீட்டின் பின்புறம் மதிப்பெண் குறிப்பான்.
லோகேஸ்ரீ டீச்சர் மேசையைத் தட்டுவாள்:
"அரசி செத்தாளா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்."
ஆறாம் பாகம் ஒன்பது வருடமாக
அடுத்த வருடம் வருகிறது.
அதுவரை எங்களுக்கு இந்தப் பாலம்தான் சோறு.

வீட்டில் கேட்டார்கள்,
இல்லாத ஊரின் இல்லாத பாலத்துக்கு
தொண்டை கட்டும்வரை கத்துவானேன் என்று.
இருக்கிற பாலங்களைப் பற்றி நான் எழுதும் அறிக்கையை
யாரும் படிப்பதில்லை.
அதை நான் சொல்லவில்லை.

பிறகு அந்த ஏப்ரல்.
பகலெல்லாம் மழை, இரவெல்லாம் மழை.
விடியும்போது
கூரைத் தகரம், கரும்புக் கட்டு, ஒரு நீலக் கதவு,
எல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.
"இன்னும் முப்பது வருடம் தாங்கும்" என்று
நான் கையெழுத்திட்ட பாலம் இருந்த இடத்தில்
ஆறு இருந்தது.
மழைக்கோட்டுப் பையில் பென்சிலைத் தேடினேன்,
எதற்கென்று தெரியவில்லை.
முதலில் நினைவுக்கு வந்தது
பக்கம் அறுநூற்றுப் பதினொன்று.
வெட்கமாக இருந்தது.
அக்கரையில் யாரோ யாரையோ
பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளம் என்பது தமிழில் ஓர் எண்ணும்கூட.
கோடி போதாமல் போனபோது
படைகளை வெள்ளத்தால் எண்ணினார்களாம்.
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
பரீட்சைக்காக உருப்போட்டது.
அன்றுதான் அதன் பூஜ்யங்களைப் பார்த்தேன்.

ஊரை அடித்துக்கொண்டு போனது தண்ணீர்.
குழாயைத் திறந்தால் காற்று.
எவராவது கதையில் இப்படி எழுதியிருந்தால்
கேலி செய்திருப்பேன்.

நான்காம் நாள் கதவைத் தட்டினான் சிபோனிசோ.
பாதையில்லாத பாதையெல்லாம் சுற்றி
நான்கு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறான்.
டாக்சி இருக்கைகளில்
இருபத்தைந்து லிட்டர் கேன்கள்
பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.
முன் இருக்கையில் தவனேஷ்,
மடியில் பால்மாவு டப்பாக்கள்.
டீச்சர் எழுதித் தந்த பட்டியலில்
தெருவில் எந்த வீட்டில் கைக்குழந்தை என்பதுவரை இருந்தது.

புத்தகத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.
நான் பேசட்டும் என்று காத்திருக்கவும் இல்லை.
கேனை இறக்கும்போதுதான் கவனித்தேன்,
ஒரு காலில் செருப்பில்லை.
"சேறு வாங்கிக்கொண்டது" என்றான்.
சிரிக்கக் கூடாத வாரம் அது.
படியில் உட்கார்ந்து
கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

வரைபடத்தில் பாலத்தை அழித்துவிட்டேன்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
விளக்கில் பிடித்தால் விரல் தெரிகிறது.
கல் கட்சியில் இப்போது ஆளில்லை.

ஆனாலும் நான்காம் பாகத்தில்
அதே படை மூன்றே நாளில் மலையைக் கடக்கிறதே,
நாற்பதாயிரம் பேர், கோவேறு கழுதைகள், பனி.
அடுத்த சனிக்கிழமை
அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.